தண்ணீர்மலையில் போன இடுப்பு வலி

வேலை போனவனுக்குப் பினாங்கில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் யோசனைக்கு மட்டும் பஞ்சம் வராது. லிஃப்டில் கிடைக்கும். பாசாரில் மீன் வாங்கும்போது கிடைக்கும். பெட்ரோல் ஊற்றும் இடத்தில் முன்பின் தெரியாத ஆள்கூட நின்று நிதானமாகக் கொடுத்துவிட்டுப் போவான். எல்லாம் இலவசம். குகனுக்கும் அப்படி வண்டி வண்டியாகக் கிடைத்தது. அதில் எது தன்னைக் காப்பாற்றும், எது தன்னைக் கவிழ்க்கும் என்று பிரித்துப் பார்க்கிற புத்தியைத்தான் யாரும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

குகன் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன். பத்து வருடத்துக்கு மேல் ஒரே கம்பெனி. வேலையில் கெட்டிக்காரன் என்பதை அவன் எதிரிகளே ஒத்துக்கொள்வார்கள். அவனிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்றுதான். தன்னை நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது.

இந்த வருடத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான். தைப்பூசத்தன்று ஊருக்கெல்லாம் விடுமுறை என்றாலும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு விடுமுறை கிடையாது. ஆகவே லீவு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிப் போடவேண்டும். மற்றவர்கள் தீபாவளி முறுக்கு தீருவதற்குள் எழுதிப் போட்டுவிட்டார்கள். குகன் காவடிக்கு மயில் இறகு தேடி அலைந்ததில் லீவை மறந்துவிட்டான். கடைசியில் போய்க் கேட்டபோது ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதற்காக முருகனை ஏமாற்ற முடியுமா? கம்பெனியை ஏமாற்றலாம் என்று முடிவு செய்தான். ஆயர் ஈத்தாமில் அவன் குடியிருக்கும் ஃப்ளாட்டுக்குக் கீழேயே ஒரு கிளினிக். மனைவி லெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, முகத்தைக் கோணி, கிளினிக் படி ஏறினான். பார்த்த டாக்டரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு இரண்டு நாளைக்குக் கிடைத்தது. தைப்பூசம் ஒன்று, மறுநாள் ஒன்று. கடும் இடுப்பு வலி, பாரம் தூக்கக் கூடாது என்று அந்த நல்ல மனிதர் தெளிவாக எழுதியும் கொடுத்தார்.

பாரம் தூக்கக் கூடாதவன் தைப்பூசத்தன்று காலையில் ஆள் உயர மயில் காவடியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டான். கன்னத்தில் வேல், நெஞ்சில் எலுமிச்சம்பழம், முன்னால் உறுமி மேளம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். பந்தலுக்குப் பந்தல் காவடியை நிறுத்துவார்கள், தேங்காய் உடைப்பார்கள், காவடிக்காரன் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போவான். அதுதான் வழக்கம். அந்தப் பந்தல்களில் ஒன்று அவனுடைய கம்பெனி போட்ட பந்தல். புத்தியுள்ளவன் அந்த இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டமாய் ஓடியிருப்பான். ஆனால் அங்கேதான் கூட்டம் அதிகம். தூக்கிப் பிடித்த கைப்பேசிகளும் அதிகம். குகன் நின்றான். நின்றவன் ஆடினான். எந்தப் பந்தலிலும் ஆடாத ஆட்டம் ஆடினான்.

பந்தலில் ரோஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனிதவள மேலாளர் காமினி மெய்சிலிர்த்துப் போனார். கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்தார், காவடிக்காரன் காலைத் தொட்டுக் கும்பிட்டார், கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினார். குகன் விபூதி பூசினான். அவர் கண்ணைத் திறந்தார். இடுப்பு வலியில் படுத்த படுக்கையாய்க் கிடக்க வேண்டிய தன் சூப்பர்வைசர் வேலும் வியர்வையுமாக எதிரே நிற்பதைப் பார்த்தார். வாயில் வேல் இருந்ததால் குகனால் குட்மார்னிங்கூடச் சொல்ல முடியவில்லை.

அதோடு போயிருந்தாலும் எப்படியாவது பூசி மெழுகியிருக்கலாம். கம்பெனியின் விளம்பரப் பிரிவு அன்று மாலையே அந்த ஆட்டத்தை முகநூலில் போட்டுவிட்டது. லைனில் வேலை செய்யும் பையன்கள் ‘எங்க பாஸ் பவர் லா’ என்று எழுதித் தள்ளினார்கள். குகன் ஒவ்வொருவருக்கும் நன்றி, முருகன் அருள் என்று பதில் போட்டான். பிறகு விசாரணையில், படத்தில் இருப்பது நான் இல்லை, என்னைப் போல இன்னொருவன் என்று சாதித்தான். அவர்கள் அவன் போட்ட நன்றிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார்கள். பொய் சொல்லி எம்.சி. எடுத்தது, விசாரணையில் பொய் சொன்னது, ஆக ஒழுங்கீனம் என்று வேலையை விட்டு நீக்கினார்கள்.

மற்றத் தொழிற்சாலைகளில் ஏறி இறங்கிப் பார்த்தான். எங்கே போனாலும் முதல் கேள்வி, பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்பதுதான். அதற்குப் பதில் சொன்னதும் இரண்டாவது கேள்வி வருவதில்லை. அந்த வேலை திரும்பக் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் இந்தத் தீவில் சூப்பர்வைசர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் அவன் போனது பஷீரிடம். பள்ளிக்கூடத் தோழன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மாமாவோடு சேர்ந்து நாசி கண்டார் என்கிற சோற்றுக் கடை நடத்துகிறான். மத்தியானக் கூட்டம் வரிசையில் நின்றது. பஷீர் சோற்றின்மேல் குழம்பு ஊற்றிக்கொண்டே கதையைக் கேட்டான். ஒரு இடத்திலும் அவன் கை நிற்கவில்லை.

“இதுல கேக்குறதுக்கு என்னாடா இருக்கு?” என்றான். “தொழிலுறவு இலாகாவுல போய் மனு குடு. ரெண்டு மாசத்துக்குள்ள குடுத்தாத்தான் எடுத்துக்குவாங்க. கூப்பிட்டு ரெண்டு தரப்பையும் ஒக்கார வெச்சுப் பேசுவாங்க. அங்க போயி உண்மையச் சொல்லு. லீவு கேட்டேன், கிடைக்கல, நேர்த்திக்கடன், பொய் சொல்லி எம்.சி. எடுத்தேன், தப்புதான், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லு. அவ்ளோதான் லா.”

“அவ்ளோதானா?”

“பின்னே? இத்தன வருசத்துல உம்மேல ஒரு வார்னிங் உண்டா? அந்தம்மா காமினி எங்க கடைக்கு வர்றவங்கதான். நல்ல மாதிரி. தப்புன்னு ஒத்துக்கிட்டவன அவங்களால தூக்கிப் போட முடியாது. மறுபடி மறுபடி பொய் சொல்றவனத்தான் தூக்கிப் போடுவாங்க.”

நல்ல யோசனை. அதனாலேயே குகனுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய கஷ்டத்துக்கு இவ்வளவு சின்ன மருந்தா என்று அவனுக்கு மனத்தாங்கலாகவே இருந்தது. அதோடு, தப்பு என்று சொல்வது லேசான காரியமா? ஊரே பார்த்த ஆட்டம் அது. இருந்தாலும் மனுவை மட்டும் கொடுத்துவைத்தான். பேச்சுவார்த்தைக்குத் தேதியும் வந்தது. தேதி வந்த கையோடு, ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அடுத்த டாக்டர் வாசலில் நிற்கிறவனைப் போல, வேறு ஆளைத் தேடிக் கிளம்பினான்.

அந்த வேறு ஆள் சின்னையா. ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் பக்கத்தில் பூமாலைக் கடை வைத்திருப்பவர். ஆனால் மாலை கட்டுவது அவர் மனைவி. அவர் பார்ப்பது நாலு சங்கத்துக்குத் தலைவர் பதவியும், எதிர்க் கோப்பிக் கடையில் காலை முழுவதும் யோசனை சொல்வதும். எத்தனையோ பேர் அவர் பேச்சைக் கேட்டு வழக்குக்குப் போயிருக்கிறார்கள், மாமனார் வீட்டோடு பேச்சை முறித்திருக்கிறார்கள், கடையை மூடியிருக்கிறார்கள். முடிவு என்ன ஆயிற்று என்று அவரிடம் வந்து சொல்ல ஒருவருக்கும் முகம் இருந்ததில்லை. அதனால் தன் யோசனை எல்லாம் பலித்ததாகவே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

குகன் சொல்லி முடிக்கும்வரை சின்னையா கண்ணை மூடியிருந்தார். பிறகு மேசையைத் தட்டினார்.

“தம்பி, நீ பொய் சொன்னேன்னு யாரு சொன்னா?”

“நான்தாண்ணே சொல்றேன்.”

“நீ சொல்லாத. டாக்டரு என்னா எழுதுனாரு? இடுப்பு வலி. அது டாக்டரு சொன்னது. காவடிய யாரு தூக்குனா? நீயா தூக்குன? அவன் தூக்குனான்.” சின்னையா மலை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். “வலியோட போனே. வேல் குத்துன நிமிசம் வலி போச்சு. அருள் வந்துச்சு. அப்புறம் நடந்ததுக்கு நீ எப்படிப் பொறுப்பாவ? சாமி செஞ்சதுக்கு உன்ன வேலைய விட்டு எடுத்துட்டானுங்க. இது உன் கேசு இல்ல தம்பி. முருகன் கேசு.”

“ஆப்பீஸ்ல நம்புவாங்களாண்ணே?”

“நம்பலன்னு சொல்லிப் பார்க்கட்டும். அந்தப் பொம்பளையும் தமிழச்சிதானே? உங்கிட்ட விபூதி வாங்குனவதானே? முருகன் பொய்யின்னு அவ வாயால சொல்வாளா? பயந்து போயி வேலையும் குடுப்பா, சம்பளத்த ஏத்தியும் குடுப்பா.”

குகனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று. பஷீரிடம் போனபோது அவன் ஒரு குற்றவாளி. சின்னையாவின் மேசையை விட்டு எழுந்தபோது ஏறக்குறைய மகானாகியிருந்தான். எந்த யோசனையைப் பிடித்துக்கொள்வான் என்று சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்கு வந்து லெட்சுமியிடம் சொன்னான். அவள் கேக் கடையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்து, வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவன் வேலை போனதிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

“கிளினிக்குக்கு உங்கள கூட்டிட்டுப் போனது யாரு? நாந்தானே?” என்றாள். “படி ஏறும்போது ரொம்ப நொண்டாதீங்க, சிரிப்பு வருதுன்னு சொன்னேனே, ஞாபகம் இல்லயா? எங்கிட்டயே சாமி வந்துச்சுன்னு சொல்றீங்களா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“பஷீர் அண்ணன் சொன்னது எனக்கு நல்லாப் புரியுது. அதச் சொல்லுங்க. வேலை கிடைச்சாப் போதும்ங்க, உங்க பெருமையை அப்புறம் பார்த்துக்கலாம்.”

அவள் கண் கலங்கியதைக் குகன் பார்த்தான். பார்த்துவிட்டு, பெண்களுக்கு நம்பிக்கை குறைவு என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டான்.

சின்னையா காதுக்குப் போன சங்கதி ஊருக்குப் போகாமல் இருக்குமா? ஒரு வாரத்தில் ஃப்ளாட் முழுக்கப் பேச்சு. குகனுக்கு வேல் குத்தினதும் இடுப்பு வலி பறந்துவிட்டதாம். மூன்றாவது மாடியில் இருக்கும் லாரி டிரைவர் அய்யாக்கண்ணுதான் முதலில் வந்தவர். வருடக்கணக்கில் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். குகன் மறுத்திருக்கலாம். கொஞ்சம் கூச்சப்பட்டாவது இருக்கலாம். அவனோ கை கால் கழுவிவிட்டு வந்து, மாதுளம்பூப் போலச் சிவந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர் முதுகில் விபூதியைத் தேய்த்துவிட்டான். அய்யாக்கண்ணு நிமிர்ந்து பார்த்து, லேசாகத்தான் இருக்கு தம்பி என்றார். அவ்வளவுதான். மறுநாள் வாசலில் செருப்பு நிறைந்துவிட்டது. லெட்சுமி அந்தச் செருப்புகளைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய் வந்தாள். இரண்டொரு நாள் கழித்து அவனோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

பேச்சுவார்த்தை நாளும் வந்தது. லெட்சுமி லீவு போட்டுவிட்டுக் காடி ஓட்டி வந்தாள். பின்சீட்டில் சின்னையாவும், சாட்சிக்காக அய்யாக்கண்ணுவும். இலாகாவுக்குப் பக்கத்தில் காடி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. மூவரையும் இறக்கிவிட்டு, “உண்மையச் சொல்லிடுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் இடம் தேடிப் போனாள்.

அறைக்குள் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. சின்னையா தன் நாலு தலைவர் பதவிகளையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். வாசலில் இருந்தவர் வெளியே கிடந்த பெஞ்சைக் காட்டினார். கண்ணாடிக் கதவு என்பதால் அங்கிருந்தே குகனுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்ட அவருக்கு வசதியாகப் போயிற்று.

உள்ளே மேசைக்கு ஒரு பக்கம் காமினி. நடுவில் சமரசம் பேசும் அதிகாரி, முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா. சிரித்த முகம். இங்கே யாரும் யாரையும் தண்டிக்கப்போவதில்லை, மனம்விட்டுப் பேசலாம் என்று மலாயில் சொல்லிவிட்டு, காமினி பக்கம் திரும்பினார்.

காமினி குகனைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார். “மிஸ்டர் குகன், பழசெல்லாம் வேணாம். எம்.சி. எப்படி எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்க? அத மட்டும் உங்க வாயால சொல்லுங்க. நான் கேக்குறேன்.”

குரலில் கோபம் இல்லை. குகனுக்கே அது உறைத்தது. தப்புதான் மேடம் என்ற இரண்டு வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவுப் பக்கம் திரும்பினான். சின்னையாவின் கட்டை விரல் தெரிந்தது. நம்பிக்கையே உருவாக உட்கார்ந்திருந்த அய்யாக்கண்ணு தெரிந்தார். வாசல் நிறைந்த செருப்புகள் நினைவுக்கு வந்தன. தப்பு என்று சொன்னால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

“மேடம், எனக்கு உண்மையிலேயே இடுப்பு வலி,” என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. வலியோடு போனது, வேல் குத்தினது, முதுகுத் தண்டில் சில்லென்று ஒன்று இறங்கினது, வலி மாயமாய்ப் போனது, தூக்கினதும் ஆடினதும் தான் இல்லை என்பது எல்லாவற்றையும் தமிழில் ஒருமுறை, அதிகாரிக்காக மலாயில் ஒருமுறை சொன்னான். மலாயில் சொல்லும்போது கையும் ஆட்டினான். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டார்.

காமினி கோப்பிலிருந்த எம்.சி. சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

“சரி. வேல் குத்தினதும் வலி போயிடுச்சு.”

“சுத்தமாப் போயிடுச்சு மேடம். முருகன் சத்தியமா.”

“அது தைப்பூசத்தன்னைக்குக் காலையில. அப்படின்னா மறுநாள் நல்லாத்தானே இருந்திருப்பீங்க? ஏன் வேலைக்கு வரல?”

சின்னையாவின் யோசனையில் மறுநாள் என்று ஒன்று இல்லவே இல்லை. குகன் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். கட்டை விரல் இன்னும் அப்படியேதான் நின்றது.

“மறுநாள்…” என்றான். “மறுநாள் வலி திரும்பி வந்துடுச்சு மேடம்.”

அதை மலாயிலும் சொன்னான். அதிகாரி சட்டென்று குனிந்து எதையோ தேடுவது போல முகத்தை மறைத்துக்கொண்டார். காமினிக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்படியா? முருகன் ஒரு நாளைக்குத்தான் குடுக்குறாரா? நம்ம டாக்டரே ரெண்டு நாள் குடுத்தாரே,” என்றார். பிறகு கைகளைக் கோத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். “அன்னைக்கு உங்க கையால விபூதி வாங்கும்போது கண்ண மூடிக்கிட்டு நான் சாமிகிட்ட என்னா கேட்டேன் தெரியுமா? இந்த வருசம் யாரையும் வேலைய விட்டு எடுக்குற மாதிரி வெச்சிடாதேன்னு கேட்டேன். கண்ணத் திறந்தா நீங்க நிக்கிறீங்க.”

காமினியே தொடர்ந்தார்.

“போன வாரம் லெட்சுமி என்னைப் பார்க்க வந்தாங்க. கிளினிக்குல நொண்டுனதுலேர்ந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எதையும் மறைக்கல. அவங்களுக்காக எங்க பெரிய பாஸ்கிட்ட போயி நின்னேன். ஒரு வார்னிங்கோட மறுபடி அதே வேலைக்கு எடுத்துக்கலாம்னு ஒத்துக்கிட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அந்த ஆளு தன் வாயால உண்மையச் சொல்லணும், அத நீ கேட்டுட்டு வரணும்னு. அதுக்குத்தான் மொதக் கேள்வியே அதக் கேட்டேன்.”

“மேடம், இப்பச் சொல்றேன்…”

“இப்ப நான் சொல்லிக் குடுத்ததத்தானே சொல்வீங்க?”

அதிகாரி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்தார். பேச்சுவார்த்தை முறிந்தால் விஷயம் மேலே போகும், கோர்ட்டுவரை போகலாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்று எச்சரித்தார். காமினி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். குகன் எழுந்து வெளியே வந்தான்.

“என்னா தம்பி, பயந்துட்டாளா?” என்று சின்னையா ஓடி வந்தார். குகன் நடந்ததைச் சொன்னான். மறுநாள் விஷயத்தைச் சொன்னபோது சின்னையாவின் முகம் சுருங்கியது. மனைவி போய்ப் பேசி வைத்ததைச் சொன்னபோது அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

“என்னா தம்பி நீ? கவர்மெண்டு ஆப்பீஸ்ல போயி யாராச்சும் சாமி கதை பேசுவாங்களா? உள்ளதச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். படிச்ச ஆளு, இதுகூடவா தெரியல?”

குகன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் காமினி கதவைத் திறந்துகொண்டு வந்தார். சின்னையா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். “மேடம், வணக்கம். நான் தண்ணீர்ப் பந்தல் சங்கத் தலைவர். அடுத்த வருசம் உங்க கம்பெனியும் நாங்களும் சேர்ந்து ஒரே பந்தலாப் போட்டா என்னா?” என்ற குரல் மாடிப்படிவரை கேட்டது. அய்யாக்கண்ணு பெஞ்சிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. குகன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டேன், அதான் என்று அவர் முனகினார்.

தெருவில் வெயில் பொளந்தது. லெட்சுமி காடியைச் சாலை ஓரமாகவே நிறுத்திவைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வருவதைக் கண்டதும் உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறந்தாள். முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு. எல்லாம் பேசி முடித்துவைத்தவளுக்கு வரும் சிரிப்பு அது.

“என்னாங்க சொன்னீங்க?” என்று கேட்டாள்.

இதற்கு என்ன சொல்லலாம் என்று கேட்பதற்கு ஒரு ஆள்கூட இல்லாமல் குகன் காடியில் ஏறி உட்கார்ந்தான்.